லெம்மின் 'எஜமானின் குரல்': விடை தராத ஒரு நாவலுக்காக

ஸ்தனிஸ்லாவ் லெம் 1968இல் போலிஷ் மொழியில் எழுதிய நாவல், மைக்கேல் காண்டெலின் மொழிபெயர்ப்பில் 1983இல் 'ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்' என்று ஆங்கிலத்துக்கு வந்தது. பழைய இசைத்தட்டுகளின் நடுவே, கிராமபோன் குழல்முன் செவிசாய்த்து அமர்ந்திருக்கும் நாயை நம்மில் பலர் அறிவோம். குரலை அது அறியும், சொல்லை அறியாது. நாவலின் நிலைமையும் ஏறத்தாழ அதுவே. எஜமானன் விண்ணில் இருக்கிறானா, வாஷிங்டனில் இருக்கிறானா என்பதை மட்டும் லெம் தெளிவாக்குவதில்லை.

விண்ணிலிருந்து மீள மீள வரும் நியூட்ரினோ ஓடையொன்று செய்தியெனக் கருதப்படுகிறது. நெவாடா பாலைவனத்தில், அணுகுண்டுச் சோதனைக்கென எழுந்த குடியிருப்பில், அறிஞர்கள் அதை வாசிக்கப் பணிக்கப்படுகிறார்கள். ஒரு துணுக்கைக் கொண்டு விநோதமான பொருளொன்றைச் செய்தும் விடுகிறார்கள். ஒரு குழுவினர் அதைத் 'தவளை முட்டை' என்கிறார்கள். மற்றவர்கள் 'ஈக்களின் அதிபதி' என்கிறார்கள். பொருள் ஒன்று, பெயர் இரண்டு. கண்டது அவ்வளவே.

செய்தி இறுதிவரை வாசிக்கப்படவில்லையே என்று குறைபடுவோர் உண்டு. நம் பார்வையில் நாவலின் நேர்மையே அதுதான். கார்ல் சேகனின் 'காண்டாக்ட்' (1985) நாவலில் பகா எண்கள் வந்து கதவைத் தட்டுகின்றன. பின்னர் இயந்திரமொன்றின் வரைபடமும் கிடைக்கிறது. மெய்வாழ்விலும் அதே நம்பிக்கைதான். 1974இல் அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து அனுப்பப்பட்ட செய்தி 1679 துடிப்புகளால் ஆனது. அது 23, 73 என்ற இரு பகா எண்களின் பெருக்கம். அவ்வாறே கட்டமிட்டு நிரப்பினால் மனித உருவம் தெரியும். பெறுபவருக்குக் கண் உண்டு, சித்திரம் பார்க்கும் பழக்கமும் உண்டு என்று நாமே தீர்மானித்துக்கொண்டோம். இத்தகைய தீர்மானங்களை லெம் ஆறாண்டு முன்பே கேள்விக்குள்ளாக்கிவிட்டார்.

அவர் அதை வெறும் தர்க்கமாக விட்டுவிடவில்லை. திட்டத்தின் அறிஞருள் ஒருவரான ரப்பபோர்ட், நாஜிகளின் பிடியில், கொல்லப்படுவோர் வரிசையில் முற்றத்தில் நின்றதை நினைவுகூர்கிறார். எதிரே ஓர் இளம் அதிகாரி. தன்முன் நிற்போர் மனிதர் என்பதே அவனுக்கு உறைக்கவில்லை. ஒரே இனம், பத்தடித் தூரம். அங்கேயே வாசிப்பு அறுந்துபோகிறது. 1921இல் லுவோவ் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்து ஜெர்மானிய ஆக்கிரமிப்பைக் கடந்துவந்த லெம் இதை எழுதுகையில், விண்மீன்கள் நமக்கு மறந்தே போகின்றன.

பிறகு கதைசொல்லியான கணிதவியலர் ஹோகார்த்தும் இயற்பியலர் ப்ரோத்தெரோவும் ஓர் அச்சத்தைக் கண்டடைகிறார்கள்: அப்பொருளைக் கொண்டு அணுவெடிப்பைத் தொலைவுக்குக் கடத்தலாம் போலிருக்கிறது. இராணுவம் அறியாமல் இருவரும் சோதனை செய்கிறார்கள். தூரம் கூடக்கூட இலக்கு சிதறுவதால் ஆயுதம் ஆகாது என்று தெரிந்தபின்னரே மூச்சு வருகிறது. அனுப்பியவர் முன்யோசனையோடு வைத்த காப்பா, தற்செயலா? ஹோகார்த் காப்பென்றே நம்ப விரும்புகிறார். அவ்விருப்பத்துக்குச் செய்தியில் சான்றில்லை. தன் இயல்பைத் தீமை, கோழைத்தனம், கர்வம் என்று முன்னுரையிலேயே எடுத்துவைத்த மனிதரின் விருப்பம் அது.

பெண்கள் ஏறத்தாழ இல்லாத நாவல். சில அத்தியாயங்கள் கல்லூரிச் சொற்பொழிவாகவே நீள்கின்றன. தொடக்கத்தில் சோர்வுறுவோர் ரப்பபோர்ட் பேசும் இடம்வரையேனும் பொறுத்திருக்கலாம்.