மகனும் கடைக்காரரும் சொல்வதைக் கேட்டு கேமரா வாங்காதீர்கள்

2016 பிப்ரவரியில் நம் கும்பகோணத்தில் மகாமகம் நடந்தது. 2004-க்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் கழித்து அது வந்தது. அதை ஒட்டி நம் வயதுக்காரர்கள் பலருக்கு ஓர் ஆசை வந்தது. நல்லதாக ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கிவிட வேண்டும் என்று. அப்போது ஒரே மாதத்தில் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஆளுக்கொரு தடவை சொல்வதைவிட இங்கே எழுதிவிடுவது மேல்.

ஆசையைக் கெடுக்க இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள். ஒருவர் வீட்டில் இருக்கிறார், மகன் அல்லது மருமகன். "இந்த வயசுல எதுக்குப்பா அவ்வளவு பெரிய கேமரா? போன்லயே எடுக்கலாமே" என்பார். இன்னொருவர் கடையில். "எடுக்கறதே எடுக்கறீங்க சார், டபுள் லென்ஸ் கிட்டாவே எடுத்துடுங்க" என்பார். ஒருவர் ஒன்றுமே வேண்டாம் என்கிறார், மற்றவர் எல்லாமே வேண்டும் என்கிறார். இரண்டு பேருமே நம் கண்ணையும் கையையும் ஒரு நிமிஷம்கூட நினைத்துப் பார்க்காமல் பேசுகிறார்கள் என்பதுதான் என் வழக்கு.

முதலில் மகன். அவன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நல்ல வெயிலில், பத்தடி தூரத்தில், ஆடாமல் நிற்கிற பேரனைப் படம் எடுக்க இன்றைய போன் தாராளமாகப் போதும். ஆனால் மகனுக்கு வயது முப்பத்தைந்து. ஒரு அடி தூரத்தில் இருக்கிற போன் திரை அவன் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். நமக்கு? போனில் ஒரு படம் எடுப்பதற்கு முன்னால் படிக்கிற கண்ணாடியைத் தேட வேண்டும். அதைப் போட்டால் திரை தெரியும், எதிரே நிற்கிற ஆள் கலங்கலாகத் தெரிவார். கழற்றினால் ஆள் தெரிவார், திரை மங்கிவிடும். வெளியே வெயிலுக்கு வந்தால் திரையில் நம் மூஞ்சிதான் தெரிகிறது. குத்துமதிப்பாக ஒரு தட்டு தட்டுகிறோம். படம் சரியில்லை என்றால், "அப்பாவுக்குப் போன் பிடிக்கத் தெரியலை" என்று பெயர்.

எஸ்எல்ஆர் கேமராவின் அமைப்பே வேறு. லென்ஸ் வழியாக வருகிற வெளிச்சத்தை உள்ளே சாய்வாக நிற்கும் ஒரு கண்ணாடி மேலே திருப்புகிறது. அங்கே மறுபடி பிரதிபலித்து நம் கண் வைக்கிற சின்ன ஜன்னலுக்கு வந்து சேர்கிறது. வியூஃபைண்டர் என்கிற அந்த ஜன்னலில் தெரியும் காட்சி, கண்ணுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரத்தில் இருப்பதுபோல அமைக்கப்பட்டிருக்கிறது. வெள்ளெழுத்துக்காரனுக்கு ஒரு அடி என்பது நரகம், ஒரு மீட்டர் சொர்க்கம். வெயில் எவ்வளவு அடித்தாலும் உள்ளே மங்காது.

அதோடு அந்த ஜன்னலுக்குப் பக்கத்திலேயே சுண்டு விரலால் உருட்டுகிற அளவுக்கு ஒரு சின்னத் திருகு இருக்கும். டயாப்டர் என்று பெயர். நம் கண்ணுக்குத் தக்கபடி ஜன்னலின் பவரைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றிக்கொள்ள வைத்திருக்கிறார்கள். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி, எதிரே உள்ள காட்சியைப் பார்க்காமல், உள்ளே கீழ் ஓரத்தில் ஒளிர்கிற எண்களை மட்டும் பாருங்கள். எண்கள் கூர்மையாகத் தெரிகிற வரை திருகுங்கள். முடிந்தது. பவர் அதிகம் உள்ளவர்களும் சிலிண்டர் உள்ளவர்களும் கண்ணாடியோடேயே பார்ப்பது நல்லது, அந்தத் திருகால் சிலிண்டரைச் சரிசெய்ய முடியாது.

இதை எந்தக் கடையிலாவது உங்களுக்குச் சொன்னார்களா? என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், வாங்கிய மறுநாளே கேமராவைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். உள்ளே பார்த்தால் எல்லாம் புகையாகத் தெரிகிறது என்று புகார். பதினைந்து நாள் வைத்திருந்து, "எல்லாம் சரியாத்தான் இருக்கு சார்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். லென்ஸைத் துடைத்தார்களாம். சாப்ட்வேர் பார்த்தார்களாம். அந்தத் திருகை ஒருவரும் தொடவில்லை. முப்பது வயதுப் பையன் கண்ணை வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தானே இருக்கும்!

கை விஷயமும் அப்படித்தான். போனைக் கையை நீட்டிப் பிடிக்கிறோம், நீட்டிய கை நடுங்கும். இதை இடது உள்ளங்கையில் தாங்கி, முழங்கையை விலாவில் ஒட்டி, நெற்றியில் பதித்துப் பிடிக்கிறோம். சிறிய டிஎஸ்எல்ஆரின் எடை அரைக் கிலோ சொச்சம், லென்ஸோடு முக்கால் கிலோவுக்குள் அடங்கும். அந்தக் கனம்கூட ஆட்டத்தைக் குறைக்கத்தான் உதவுகிறது. ஆக, வயதானவனுக்கு எதற்கு இந்தக் கேமரா என்று கேட்பது, வயதானவனுக்கு எதற்குக் கைத்தடி என்று கேட்பதுபோல.

இன்னொன்றும் மகனிடம் கேட்கத் தோன்றுகிறது. நம் தெருமுனைகளில் கண்ணீர் அஞ்சலி பேனர்களைப் பார்க்கிறீர்கள் அல்லவா? எண்பது வருஷம் வாழ்ந்தவரின் முகம் எங்கிருந்து வருகிறது? வாக்காளர் அட்டையிலிருந்து. இல்லாவிட்டால் யாருடைய கல்யாணத்திலோ எடுத்த குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்தது, ஓரத்தில் யாரோ ஒருவரின் தோள்பட்டையோடு. கழுத்தில் மாலை மட்டும் கம்ப்யூட்டரில் புதிதாகப் போட்டிருப்பார்கள். வீட்டில் ஆளுக்கொரு போன் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் படம் இருக்கிறது, அப்பாவின் முகம் நாலடி அகலத்துக்குப் பெரிதாக்கும்படி ஒன்றுகூட இல்லை. என் சிநேகிதர்களின் முகங்களை, அவர்கள் வீட்டுத் திண்ணையில், அவர்கள் சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறபடி எடுத்து வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். அந்த வேலையை நம்மைவிட்டால் யார் செய்யப்போகிறார்கள்? சிலர் இப்போது இல்லை. படம் இருக்கிறது.

சரி, கடைக்காரருக்கு வருவோம். இவர்தான் அதிக ஆபத்தானவர், மரியாதையாகப் பேசுகிறார்.

மெகாபிக்சலில் ஆரம்பிப்பார். கணக்கு நமக்குத் தெரியாதா? 2006-ல் வந்த நிக்கான் டி40-ல் 6 மெகாபிக்சல், அதாவது சுமார் 3000-க்கு 2000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சிட்டால் 10 அங்குல நீளம், ஆறே முக்கால் அங்குல அகலத்துக்கு முதல் தரமான படம். பின்னால் வந்த டி3200-ல் 24 மெகாபிக்சல், சுமார் 6000-க்கு 4000. நான்கு மடங்கு எண், ஆனால் படத்தின் நீளம் இரண்டே மடங்கு. நீங்கள் வீட்டுச் சுவரில் எத்தனை அங்குலப் படம் மாட்டப்போகிறீர்கள்? பேனருக்குக்கூட, தூரத்திலிருந்து பார்ப்பதால், அந்த 6 போதும். இன்று கடையில் இருக்கும் எந்த மாடலிலும் நம் தேவைக்கு மேல் மெகாபிக்சல் இருக்கிறது. அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

அடுத்து டபுள் கிட். 18-55 ஒன்று, கூடவே 55-250 அல்லது 70-300. "கோபுரத்துல இருக்கற பொம்மையெல்லாம் பக்கத்துல வரும் சார்" என்பார். வரும். எத்தனை நாள் கோபுரத்துப் பொம்மையை எடுப்பீர்கள்? அந்த நீள லென்ஸின் கடைசி முனையில் துளை எஃப்/5.6. கை ஆடாமல் எடுக்க வினாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு வேகம் வேண்டும். நடுப்பகல் வெயிலில் சரி. கோயில் பிராகாரத்தில், கல்யாண மண்டபத்தில், சாயங்காலம் ஆறு மணிக்குத் திண்ணையில் ஒன்றும் நடக்காது.

அவர் சொல்லாத பொருள் ஒன்று கண்ணாடி அலமாரியில் மூலையில் கிடக்கும். 50 மில்லிமீட்டர், எஃப்/1.8 லென்ஸ். ஜூம் கிடையாது. உள்ளங்கையில் அடங்கும். கேனனில் அதன் விலை, கிட் லென்ஸோடு ஒரு சாதாரணக் கேமரா வாங்குகிற விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். 18-55-ஐ 55-ல் வைத்தால் எஃப்/5.6. இது எஃப்/1.8. உள்ளே விடுகிற வெளிச்சம் ஒன்பது மடங்குக்கும் மேல். அதாவது கிட் லென்ஸில் பத்தில் ஒரு வினாடி தேவைப்படுகிற அதே மங்கல் வெளிச்சத்தில், இதில் ஏறக்குறைய நூறில் ஒரு வினாடியில் எடுத்துவிடலாம். பத்தில் ஒரு வினாடியில் நம் கையும் ஆடும், எதிரே இருப்பவரின் தலையும் ஆடும். தாராசுரத்தில் ராஜகம்பீரன் மண்டபத்துத் தூண்களில் விரல் நீளத்துக்குச் சிற்பங்கள் இருக்கின்றனவே, அவற்றை ஃப்ளாஷ் போட்டு எடுத்தால் மாவு பூசின மாதிரி தட்டையாக வரும். பக்கவாட்டில் விழுகிற இயற்கை வெளிச்சத்தில் இந்த லென்ஸால் எடுத்துப் பாருங்கள், கல்லில் உளி போன வழி தெரியும்.

இந்த விலை குறைந்த கேமராக்களில் சென்சார் சிறியது. அதனால் 50 என்பது பழைய ஃபிலிம் கேமராவில் 75, 80 போட்ட மாதிரி கொஞ்சம் நெருங்கித் தெரியும். முகங்களுக்கு அது நல்லதுதான். வீட்டுக்குள் இடம் போதவில்லை என்பவர்கள் நிக்கானில் 35 எஃப்/1.8 வாங்கலாம். ஒரு எச்சரிக்கை: நிக்கானின் டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் ஃபோகஸ் செய்யும் மோட்டார் கிடையாது. லென்ஸின் மேல் ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் கையால் திருகிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இலவசமாகத் தரும் பை, ட்ரைபாட், ஃபில்டர் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தொல்லியல் துறைக் கோயில்களில் முன் அனுமதி இல்லாமல் ட்ரைபாட் வைக்க விடமாட்டார்கள். பைதான் பெரிய விரோதி. இரண்டு லென்ஸோடு அதற்குள் போன கேமரா பீரோவுக்குள் போகும். நம் டெல்டா ஈரத்தில் ஒரு மழைக்காலம் அப்படியே கிடந்தால் லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரி பூஞ்சை பிடிக்கும். இருட்டு, ஈரம், அசைவில்லாமை, இந்த மூன்றும்தான் அதற்குச் சாப்பாடு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், நீலம் ரோஸ் நிறமானால் சூடு காட்டி மறுபடி போடலாம். அதைவிட நல்ல மருந்து வாரம் இரண்டு நாள் வெளியே எடுப்பது. கிராஜுவிட்டி பணத்தில் வாங்கி, பீரோவில் பூஞ்சை வளர்க்கும் பெரியவர்கள் நம் ஊரில் எனக்குத் தெரிந்தே நாலு பேர்.

மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு, மேனுவலில் எடுத்தால்தான் போட்டோகிராபர், ரா ஃபைல்தான் வேண்டும் என்று மிரட்டுகிறவர்கள். அவர்கள் எடுத்த படத்தைக் காட்டச் சொல்லுங்கள், போய்விடுவார்கள். நீங்கள் டயலில் ஏ என்ற இடத்தில் வையுங்கள், கேனன் என்றால் ஏவி. துளை எஃப்/2.8, ஐஎஸ்ஓ ஆட்டோ. மீதியை அது பார்த்துக்கொள்ளும். எதிரே இருப்பவரின் கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள். மாதம் பத்துப் படமாவது ஸ்டுடியோவில் கொடுத்துப் பிரிண்ட் போட்டு, படத்தில் இருப்பவர் கையில் கொடுங்கள். ஆக்ஃபா கிளிக் III-ல் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம் எடுத்த காலத்தில் வீட்டுக்கு வீடு ஆல்பம் இருந்தது. இப்போது கணக்கில்லாமல் எடுக்கிறோம், ஆல்பத்தைக் காணோம்.

மகாமகத்தன்று குளத்துப் படிக்கட்டுக் கூட்டத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேமராவில் பார்த்து நிற்காதீர்கள். 1992-ஐ நம் ஊர்க்காரர்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. முந்தின நாட்களில் ஊர் மெல்ல நிரம்புகிற அழகை எடுங்கள், போதும்.

கடைக்குப் போனால் இப்படிக் கேளுங்கள்: "இருக்கறதுலேயே விலை குறைஞ்ச பாடி, கூட ஒரு 50 எஃப்/1.8, வேற எதுவும் வேண்டாம்." ஸ்டாக் இல்லை என்பார், கிட்டில் ஆஃபர் இருக்கிறது என்பார். வெளியே வந்துவிடுங்கள், பின்னாலேயே கூப்பிடுவார். வாங்கிய பிறகு அந்தத் திருகு எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் தாராசுரம் கோயிலில்தான் இருப்பேன். கேமராவை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பை வேண்டாம்.