இலவசம் யாருக்கு?

கலைஞன் கூலி கேட்டால் கலையின் புனிதம் கெட்டுவிடும் என்பது மிகப் பழைய வாதம். இன்று அவ்வாதம் புதிய உடை உடுத்தி றாப் இசையுலகில் உலா வருகிறது. றாப் பாடகன் தன் சொற்களைத் தொடுத்துப் பாடுவதற்கு அடிநிலையாக அமையும் இசையை, அதாவது 'பீட்'டை, அதனை ஆக்குவோர் இலவசமாகவே கொடுத்துவிட வேண்டும் என்கின்றனர் சிலர். இந்த இசை சமூகத்தின் பொதுச்சொத்து, பாடகனோ ஏழை, இன்று கொடுத்தவனுக்கு நாளை புகழ் வரும், புகழின் பின்னே பணமும் வரும்: இவையே அவர்கள் கூறும் நியாயங்கள். இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

அதற்குமுன் ஒரு சொல்மயக்கத்தைத் தீர்த்தல் வேண்டும். 'தயாரிப்பாளர்' என்றதும் பணப்பெட்டியைத் திறந்துவைத்திருக்கும் சினிமா முதலாளியே நம் மனக்கண்முன் தோன்றுகிறார். றாப் உலகின் தயாரிப்பாளர் பெரும்பாலும் அத்தகையவர் அல்லர். அவர் வீட்டறையில் ஒரு கணினியின் முன் அமர்ந்து, முரசொலியைத் தேர்ந்து, அடித்தள ஒலியை இணைத்து, பல நாள் உழைத்து ஓர் இசையை உருவாக்கும் தொழிலாளி. பெயர் முதலாளியின் பெயர்; வாழ்வு கூலிக்காரனின் வாழ்வு. பெயரைக் கண்டு மயங்கி அவரிடம் தானம் கேட்பது நியாயமாகுமா?

முதலாவது வாதம், இவ்விசை சமூகத்திலே பிறந்தது, எனவே விலைக்கு உரியதன்று என்பதாகும். சமூகத்திலே பிறந்தது உண்மை. 1973 ஆகஸ்ட் 11 ஆம் நாள் நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியில், செஜ்விக் அவெனியூ 1520 ஆம் இலக்கக் கட்டிடத்தில், ஜமேக்காவிலிருந்து குடியேறிய டீஜே கூல் ஹேர்க் இசைத்தட்டுக்களைச் சுழற்றிய கொண்டாட்டமே ஹிப்-ஹொப் இசையின் பிறப்பாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் அந்தக் கொண்டாட்டத்தை ஏற்பாடு செய்தவர் அவருடைய சகோதரி சிண்டி கம்பெல். பாடசாலை தொடங்குமுன் புத்தாடை வாங்கப் பணம் திரட்டுவதே அவர் நோக்கம். வாயிலிலே சில்லறைக் காசு நுழைவுக் கட்டணமாக வாங்கப்பட்டது. வறியவர்கள் கொடுத்த காசு வறியவர்களிடமே சென்றது. வெளியார் எவரும் இடையிலே நின்று அதனை அள்ளிச் செல்லவில்லை. இதுதான் அந்தச் சமூகத்தின் மரபு. உழைப்புக்கு ஊதியமின்மை அதன் மரபு அன்று.

இரண்டாவது வாதம், புகழ் வரும் என்பது. வரலாறு கூறுவது என்ன? 1969 இல் வின்ஸ்டன்ஸ் என்னும் குழு 'ஆமென், பிரதர்' என்ற இசைத்தட்டை வெளியிட்டது. அதிலே கிரெகரி கோல்மன் என்ற கறுப்பினக் கலைஞர் சில விநாடிகள் தனியே முரசு வாசித்தார். அச்சில விநாடிகளே பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான பாடல்களுக்கு அடிநிலையாயின. 1988 இல் என்.டபிள்யூ.ஏ. குழுவின் 'ஸ்ட்ரெயிற் அவுட்டா கொம்ப்டன்' அதன்மீதே எழுந்தது. பிரித்தானியாவின் ஜங்கிள் இசை முழுவதுமே அதன்மீது வளர்ந்தது எனலாம். கோல்மனுக்குக் கிடைத்தது என்ன? 2006 இல் அவர் வீடற்றவராக, வறியவராக இறந்தார். குழுவின் தலைவர் றிச்சட் ஸ்பென்சருக்கு 2015 இல் இரசிகர்கள் தாமாகவே 24,000 பவுண் திரட்டிக் கொடுத்தனர். அது இரசிகர்களின் நன்றி. தொழிலின் நீதி அன்று.

ஜேம்ஸ் பிரவுணின் 'ஃபங்கி ட்ரம்மர்' 1970 இல் வெளியாயிற்று. அதிலே முரசு வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். 1989 இல் பப்ளிக் எனமியின் 'ஃபைற் த பவர்' உட்பட எண்ணற்ற றாப் பாடல்கள் அந்தத் தாளத்தை எடுத்தாண்டன. ஆக்கியோன் என்ற இடத்திலே ஜேம்ஸ் பிரவுணின் பெயரே இருந்தமையால், தாளம் தந்த கைகளுக்கு உரிமைத்தொகை வந்து சேரவில்லை. 2017 இல் ஸ்டபிள்ஃபீல்ட் காலமானார். இவர்களினும் பரவலாகக் கேட்கப்பட்டவர் யார்? புகழ் அடுப்பெரிக்காது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மூன்றாவது வாதமே நம் நெஞ்சைத் தொடுவது. பாடகன் ஏழை, ஏழையிடம் விலை கேட்கலாமா? 2018 இல், கல்லூரிப் படிப்பைக் கைவிட்டுச் சகோதரியின் வீட்டிலே தங்கியிருந்த லில் நாஸ் எக்ஸ் என்னும் இளைஞர், நெதர்லாந்தைச் சேர்ந்த யங்கியோ என்னும் இன்னோர் இளைஞர் இணையத்தில் விற்பனைக்கு வைத்திருந்த பீட்டை 30 டொலருக்கு வாங்கினார். அதன்மீது எழுந்த 'ஓல்ட் டவுன் றோட்' 2019 இல் அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் 19 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. விலை அற்பமே, ஆயினும் அது கொடுக்கல் வாங்கலாக நடந்தது. எனவே பாடலை ஆக்கியோர் வரிசையில் யங்கியோவின் பெயரும் நின்றது.

இங்கே இன்னொன்றும் கவனித்தற்குரியது. அந்தப் பீட்டிலே நைன் இஞ்ச் நெய்ல்ஸ் குழுவின் 2008 ஆம் ஆண்டு இசைத் துண்டொன்று கலந்திருந்தது. அவ்விசைத் தொகுதியை எவரும் எடுத்தாளலாம், ஆனால் வணிகத்துக்கு அன்று, என்ற நிபந்தனையோடு கிரியேற்றிவ் கொமன்ஸ் உரிமத்தின்கீழ் அக்குழு வெளியிட்டிருந்தது. பாடல் வணிகமானபோது ட்ரென்ற் றெஸ்னர், அற்றிகஸ் றோஸ் ஆகிய இருவரும் ஆக்கியோர் வரிசையிலே சேர்க்கப்பட்டனர். கொடைக்கும் எல்லை உண்டு. அந்த எல்லையைக் கொடுப்பவனே வகுக்க வேண்டும் என்பதை இது காட்டவில்லையா?

ஏழைப் பாடகனுக்கும் ஏழை இசைஞனுக்கும் இடையே பகை மூட்டுவது நம் நோக்கமன்று. இருவரும் ஒரே தோணியிலே இருப்பவர்கள். தோழன் தோழனுக்குக் கொடுக்கட்டும். கற்கும் மாணவனுக்கும் போராட்ட மேடைக்கும் கொடுக்கட்டும். அதனை நாம் வரவேற்கிறோம். ஆனால் கொடுத்தல் வேறு, கொடுத்தே தீரவேண்டும் எனக் கேட்டல் வேறு. இலவசம் விதியாகிவிட்டால் அத்தொழிலில் நிலைக்கக்கூடியவன் யார்? தந்தையின் சொத்திலே உண்பவன் மாத்திரமே. கூலித் தொழிலாளியின் மகன் கணினியை மூடிவிட்டு வேறு வேலை தேடிப் போவான். வறியோரின் குரலாய்ப் பிறந்த இசை வசதி படைத்தோரின் பொழுதுபோக்காய் முடியும்.

இலவசத்தின் பயன் ஏழைப் பாடகனையேனும் சேருகிறதா? ஸ்பொட்டிஃபை கொம்பனி, முந்திய 12 மாதங்களில் 1,000 தடவைகூடக் கேட்கப்படாத பாடலுக்கு ஒலிப்பதிவு உரிமைத்தொகை வழங்குவதில்லை என்ற விதியை 2024 இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. புதிய பாடகனுடைய பாடல்களிற் பல இந்த எல்லையைத் தாண்டுவதில்லை. இசைஞன் பாடகனுக்கு இலவசமாய்க் கொடுக்கிறான். பாடகன் கொம்பனிக்கு இலவசமாய்க் கொடுக்கிறான். கொம்பனியோ கேட்பவனிடம் மாதச் சந்தா வாங்குகிறது, அல்லது அவன் காதை விளம்பரக்காரனுக்கு விற்கிறது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நம் முதுமொழி. இங்கே உழுதவர் இருவர், களஞ்சியம் மூன்றாமவனுடையது.

ஆகவே, விலை கொடுக்க இயலாத பாடகன் பங்கு கொடுக்கட்டும். ஒலிப்பதிவுக்கு முன்னரே இருவரும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடட்டும்: இசைஞனின் பெயர் எங்கே வரும், வருவாயில் எவருக்கு எவ்வளவு, நாளை ஒரு கொம்பனி பாடலை வாங்க வந்தால் யாருடைய சம்மதம் வேண்டும் என்பன அதிலே தெளிவாக இருக்கட்டும். அந்தத் தாளுக்குச் செலவு எதுவுமில்லை. கோல்மனின் கையில் அத்தகைய தாள் ஒன்றும் இருக்கவில்லை. இனி முரசு வாசிப்பவனின் கையிலேனும் அது இருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.