கியர் பாக்ஸ் மேல் விழும் பழி

பழைய டிராக்டரில் கியர் சரியாக விழவில்லை என்றால் அடுத்த பேச்சு பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்: கியர் பாக்ஸைப் பிரித்துவிடலாம், அல்லது வண்டியையே தள்ளிவிடலாம். ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம், அணைக்கட்டு வட்டாரங்களில் சேடை ஓட்டவும், மல்லாட்டைக் கொல்லை உழவும், அம்முண்டி ஆலைக்கும் கேத்தாண்டப்பட்டி ஆலைக்கும் கரும்பு ஏற்றவும் ஓடுகிற வண்டிகளில் இரண்டு மூன்று கை மாறி வந்தவை ஏராளம். பாலாற்றுப் படுகையில் தோல் கழிவு நீரால் உப்பேறிய நிலத்தை வைத்துக்கொண்டு ஒருவர் புது வண்டிக்குக் கடன் வாங்குவது எளிதல்ல. அப்படிப்பட்டவர் பிரிக்க வேண்டாத வண்டியைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, உழவுப் பருவத்தில் இரண்டு வாரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். தேய்ந்த பற்சக்கரத்தால் அவருக்கு ஏற்படும் செலவைவிட, பழுது எங்கே என்று தெரியாததால் ஏற்படும் செலவுதான் அதிகம் என்பது என் வாதம். புது இயந்திரத்துக்கு மானியம் தருகிற அரசு, ஓடுகிற இயந்திரத்தின் நோயைக் கண்டறியும் திறமைக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்க வேண்டும்.

கியர் பாக்ஸ் அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகிற பொருள் அல்ல. கனத்த இரும்புக் கூட்டுக்குள் ஆயிலில் மூழ்கிக் கிடக்கும் பற்சக்கரங்கள், முறையாக ஆயில் மாற்றினால் பல ஆண்டு உழைக்கும். அன்றாடம் அடி வாங்குவது அதற்கு முன்னால் இருக்கும் கிளட்ச். டாஃபே நிறுவனத்தின் மாஸி ஃபெர்குசன் 1035 போன்ற பழைய வண்டிகளில் இருப்பது ஸ்லைடிங் மெஷ் அமைப்பு; அதாவது பற்சக்கரமே தண்டின் மேல் நகர்ந்து போய் இன்னொன்றோடு கோத்துக்கொள்ள வேண்டும். காரில் இரண்டின் வேகத்தையும் சமப்படுத்த ஒரு பித்தளை வளையம் உண்டு, இங்கே அது கிடையாது. வண்டி நின்று, கிளட்ச் எஞ்சினிலிருந்து முழுதாக விடுபட்டு, உள்ளே சுற்றும் தண்டு ஓய்ந்த பிறகுதான் கியர் சத்தமில்லாமல் விழும். கிளட்ச் அரைகுறையாகப் பிரிந்தால் தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும், பல்லோடு பல் உரசிக் கர்ரென்று கத்தும். சத்தம் வருகிற இடம் கியர் பாக்ஸ் என்பதால் பழியும் அதன் மேலேயே விழுந்துவிடுகிறது. ஓட்டுகிறவர் பகலில் டிராக்டரும் மாலையில் ஷேர் ஆட்டோவும் ஓட்டுகிற இளைஞராக இருந்து, ஓட்டத்திலேயே கியர் மாற்றிப் பழகியிருந்தால், எந்தப் பழுதும் இல்லாமலேயே இந்தச் சத்தம் வரும்.

இதைப் பிரித்தறிய ஸ்பேனர்கூடத் தேவையில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்க்க வேண்டும். பல்லும் பல்லும் நேருக்கு நேர் நின்றால் ஒருமுறை மறுக்கலாம்; வண்டியைச் சற்று அசைத்தால் விழுந்துவிடும். இப்படி எல்லா கியரும் விழுந்து, எஞ்சினை ஓடவிட்டு ஐட்லிங்கில் போடும்போது மட்டும் கத்தினால், குற்றவாளி கிளட்ச்தான் என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிடலாம். அடுத்துப் பார்க்க வேண்டியது பெடல். கால் வைத்ததும் சிறிது தூரம் சும்மா இறங்கி அதன் பிறகு இறுக வேண்டும். அந்த அளவு மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். சும்மா இறங்கும் தூரம் கூடிவிட்டால் கிளட்ச் முழுதாகப் பிரியாது. லாக் நட்டைத் தளர்த்தி ராடைத் திருகினால் சரியாகிவிடும் இந்தக் கோளாறுக்காகவே பிரிக்கப்பட்ட வண்டிகள் உண்டு. சேடை ஓட்டுகிற வண்டிக்கு இன்னொரு சிக்கல். சேற்று நீர் கிளட்ச் ஹவுசிங்குக்குள் ஏறும். அதை வடியவிட அடியில் ஒரு துளையும் அதில் ஆடும் ஒரு ஸ்பிளிட் பின்னும் பல மாடல்களில் உண்டு. சேறு காய்ந்து அந்தத் துளை அடைத்துக்கொண்டால் ஈரம் உள்ளேயே தங்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் துருப்பிடித்து ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது தண்டின் வரிப்பள்ளத்தில் நகராமல் இறுகிக்கொள்ளும். அந்தத் துளையை ஒரு கம்பியால் குத்திவிட அரை நிமிடம்கூட ஆகாது.

உண்மையாகவே கியர் பாக்ஸைச் சேர்ந்த கோளாறுகளும் இல்லாமல் இல்லை. லோடு இழுக்கும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால், கியர் மாற்றும் ராடைப் பிடித்து நிறுத்தும் குண்டின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பற்சக்கரத்தை நகர்த்தும் ஃபோர்க் தேய்ந்திருக்கலாம், பல்லின் முனை மழுங்கியிருக்கலாம். இந்த மூன்றில் முதல் இரண்டையும் பல மாடல்களில் மேல் மூடியைக் கழற்றியே பார்த்துவிட முடியும். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஆயில் சீலை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றுவது காசுக்குக் கேடு. கெட்ட பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். உடைந்த பல்லை வெல்டிங் வைத்து லேத்தில் கடைந்து கொடுப்பது சில பட்டறைகளில் வழக்கம். பற்சக்கரத்தின் மேல்தோல் கடினமாக்கப்பட்ட எஃகு. வெல்டிங் சூட்டில் அந்தக் கடினம் போய்விடும். சில மாதத்தில் அந்தப் பல் பெயர்ந்து, நல்ல பல்லையும் சேர்த்து உடைக்கும். தேய்ந்த ஃபோர்க்கை ஏற்றிக் கடைவது வேறு, பல்லை ஏற்றிக் கடைவது வேறு. இந்த வேறுபாடு தெரிந்த மெக்கானிக்குகளைத்தான் உருவாக்க வேண்டும் என்கிறேன்.

பழுதுபார்க்காமல் விடுவதற்குப் பாகங்களின் விலை ஒரு காலத்தில் நியாயமான சாக்காக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், கியர் பாக்ஸ், கிளட்ச் அசெம்பிளி போன்ற டிராக்டர் பாகங்களுக்கு 18 சதவீதத்திலிருந்து 5 ஆகவும் குறைந்தது. பாகம் மலிந்தால் தேவையில்லாமல் மாற்றுவதும் மலியும் என்பது இதன் மறுபக்கம். 2014-15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கலுக்கான மத்திய துணை இயக்கமும், 2021 முதல் தனியாக வரும் தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கையும் இயந்திரம் வாங்குவதற்கும் வாடகை மையங்கள் அமைப்பதற்கும் மானியம் சொல்கின்றன. வாங்கிய இயந்திரத்தின் பத்தாவது வருடத்தைப் பற்றிப் பேச்சு குறைவு. ஐடிஐக்களில் டிராக்டர் மெக்கானிக் என்று ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. ஆனால் கிராமத்தில் வண்டியைத் தொடுகிறவர்களில் பலர் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து கற்றவர்கள். அவர்களை வகுப்பறைக்கு இழுப்பதைவிட, அனுபவத்தைச் சோதித்துச் சான்று தரும் முறை ஏற்கெனவே மத்திய அரசின் திறன் திட்டத்தில் இருப்பதால், அதன் வழியே இவர்களுக்கும் சான்று தந்து, இரண்டு வாரம் கிளட்ச், கியர், ஹைட்ராலிக் மூன்றையும் முறைப்படி காட்டிக்கொடுப்பது மலிவு.

பட்டறைக்காரரிடம் அறிவு இருந்தும் வசதி இல்லாத நிலை ஒன்றும் உண்டு. கிளட்ச் பிளேட்டை மாற்ற வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். சமதளமான சிமென்ட் தரை, இரண்டு பக்கமும் தாங்க ஸ்டாண்டு, நேராகப் பின்னுக்கு இழுக்க ஒரு டிராலி இல்லாமல், மரக்கட்டையும் ஜாக்கியும் முட்டுக்கொடுத்துப் புளிய மரத்தடியில் பிரித்தால், திரும்பச் சேர்க்கும்போது தண்டு கோணி பிளேட்டின் நடுத்துண்டு வளையும். புது பிளேட் போட்டும் கியர் கத்தும். தனித்தனிப் பட்டறையால் இந்த வசதியைச் செய்துகொள்ள முடியாது. இதற்கு முன்மாதிரி பழைய ஒருங்கிணைந்த வேலூர் மாவட்டத்துக்கு வெளியே தேட வேண்டியதில்லை. தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாத சிறு தோல் ஷெட்டுகளுக்காக வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பகுதிகளில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அதைக் கட்டாயமாக்கி அழுத்தியது. பாலாறு அதனால் தெளிந்துவிடவில்லை, 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடி இழப்பீடு பற்றிப் பேச வேண்டி வந்தது என்பதும் உண்மைதான். ஆனால் சிறியவர்கள் கூடிப் பெரிய வசதியைப் பகிர்வது என்ற ஏற்பாடு இந்த மண்ணுக்குப் பழக்கமானது. ஒன்றியத்துக்கு ஒரு பொதுக்கொட்டகை, அதில் ஸ்டாண்டும் டிராலியும் அளவுகோல்களும் போதும். மெக்கானிக் நாள் வாடகை கொடுத்துப் பயன்படுத்தட்டும்.

பழைய வண்டி புகை கக்கும், டீசல் தின்னும், அதை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் 2023 ஜனவரியில் வந்த மாசு விதி 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குத்தான். நம் சிறு விவசாயி வாங்கும் புது வண்டியும் அதற்குள் வராது. விவசாய டிராக்டரைக் கட்டாயமாகக் கழிக்கவும் சட்டம் சொல்லவில்லை: முதலில் 15 ஆண்டுப் பதிவு, பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகமே விளக்கியிருக்கிறது. ஓடத்தான் போகிறது என்றால் கிளட்ச் சரியாக இருந்து ஓடட்டும். ஒடுகத்தூர் பக்கம் சரிவில் லோடு டிரெய்லரோடு இறங்கும்போது கியர் கழன்றால் பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளும், பிரேக் தாங்காது. பாதுகாப்பை முன்வைத்து எதிர்க்கிறவர்கள் பழுதுபார்ப்பை ஆதரிக்கத்தான் வேண்டும். வேளாண் பொறியியல் துறையில் மணிக்கணக்கில் டிராக்டர் வாடகைக்குக் கிடைக்கிறதே என்றால், மழை பெய்த மறுநாள் ஊரே ஒரே நேரத்தில் உழவுக்கு நிற்கும்போது அந்த வண்டி எத்தனை கொல்லைக்குப் போகும்? வலுவான ஆட்சேபம் பாகங்களைப் பற்றியதுதான். எச்எம்டி டிராக்டர் பிரிவை மூட 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்த வண்டி வைத்திருப்பவருக்கு அசல் பாகம் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு குறையும். அப்படிப்பட்ட வண்டியின் கியர் பாக்ஸில் பல் போயிருந்தால், விற்றுவிடுங்கள் என்று நேர்மையாகச் சொல்வதும் நல்ல மெக்கானிக்கின் வேலை.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2023இல் விவசாய இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டம் போட்டது. அங்கே பிரச்சினை மென்பொருள் பூட்டு. இந்தியாவில் நுகர்வோர் துறை 2022இல் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் தளத்தில் விவசாயக் கருவிகளும் ஒரு பிரிவு. நம் பழைய டிராக்டரில் பூட்டு எதுவும் இல்லை, ஒரு செட் ஸ்பேனரில் திறக்கும். எளிதில் கிடைக்காதது தமிழில் ஒரு சர்வீஸ் புத்தகம். பெடல் அளவு, ஆயில் வகை, ஃபோர்க் தேய்மான வரம்பு ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்டு வெளியிடும்படி டாஃபேயையும் மஹிந்திராவையும் தமிழக அரசு கேட்கலாம். வேளாண் பொறியியல் துறை நடத்தும் பராமரிப்பு முகாம்களை, கோடை மழைக்கு முன் வண்டி சும்மா நிற்கிற பங்குனியில் ஒன்றியந்தோறும் வைத்து, வருகிற வண்டிகளில் எஞ்சினை நிறுத்தி கியர் போட்டுப் பார்க்கும் அந்தச் சோதனையை ஓட்டுநர்களுக்கே செய்துகாட்டலாம். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. வரும் நிதிநிலை அறிக்கையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.