படுக்கை கிடைத்தது, முகவரி கிடைக்கவில்லை!

ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் இந்திய மாணவர்களின் தொகை வேகமாகக் கூடி வருகிறது. 2023-24 குளிர்காலப் பருவத்தில் அங்கே படித்த இந்திய மாணவர்கள் 49,483 பேர். முன்பெல்லாம் சீன மாணவர்களே முதல் இடத்தில் இருந்தார்கள். இந்தியர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். அவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு.

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. விசா கிடைக்கிறது. விமானத்திலும் ஏறிவிடுகிறார்கள். ஆனால், போய் இறங்கிய அன்று இரவு எங்கே படுப்பது? பலரிடம் இதற்கு உள்ள பதில் ஒன்றே ஒன்றுதான்: "ஹாஸ்டல்."

நம் ஊரில் ஹாஸ்டல் என்றால் கல்லூரியோடு சேர்ந்த விடுதி. ஒரு தடவை சேர்ந்துவிட்டால், படிப்பு முடியும் வரை கவலை இல்லை. ஐரோப்பாவில் ஹாஸ்டல் என்பது வேறு. அது சத்திரம் மாதிரி. வழிப்போக்கர்கள் காசு கொடுத்துச் சில இரவுகள் தங்கிப் போகும் இடம். மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கும் இல்லங்கள் தனியே இருக்கின்றன. அவற்றில் இடம் கிடைப்பதுதான் குதிரைக் கொம்பு.

"பையனுக்கு ஹாஸ்டல் கிடைத்துவிட்டது" என்று ஊரில் தாயார் நிம்மதியாகத் தூங்குவார். பையனோ அங்கே பத்து நாளில் காலி செய்ய வேண்டிய கட்டிலில் உட்கார்ந்திருப்பான்!

மூன்று அறிஞர்கள், ஓர் அறை

டூபிங்கன் என்ற ஊரை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் தென்மேற்கே, நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள சிறு நகரம். மக்கள் தொகை சுமார் 90 ஆயிரம். அதில் மாணவர்களே 28 ஆயிரம் பேருக்குக் குறையாது. ஊர் என்றால் பல்கலைக்கழகம், பல்கலைக்கழகம் என்றால் ஊர். 1477-ல் எபர்ஹார்ட் என்ற சிற்றரசர் அதைத் தொடங்கி வைத்தார்.

மாணவனை எங்கே தங்க வைப்பது என்ற கவலை அந்த ஊருக்குப் புதிது அல்ல. மத ஊழியத்துக்குப் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்காக 1536-ல் அங்கே ஓர் இல்லம் ஏற்பட்டது. கோள்கள் சூரியனைச் சுற்றும் விதியைக் கண்டுபிடித்த கெப்ளர் அந்த இல்லத்தில் இருந்து படித்தவர். பிற்காலத்தில் தத்துவ உலகையே ஆட்டி வைத்த ஹெகல், ஷெல்லிங், மகாகவி ஹோல்டர்லின் ஆகிய மூவரும் அங்கே ஒரே அறையில் குடியிருந்தவர்கள். அந்த இல்லம் இன்றும் இருக்கிறது.

எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேயும் 18 வயதில் தன்னந்தனியாக டூபிங்கனுக்கு வந்தவர்தான். படிக்க அல்ல, புத்தகக் கடையில் வேலை பழக. 1895 முதல் 1899 வரை வாடகை அறையில் இருந்தார். (மலையாள மொழிக்கு 1872-ல் பெரிய அகராதி செய்து கொடுத்த குண்டர்ட் பாதிரியார் அவருடைய தாய்வழித் தாத்தா.) கூச்ச சுபாவம் உள்ள இளைஞன் ஒருவன் அந்த ஊரில் வாடகைக்கு அறை பிடிப்பது அன்று பெரிய காரியமாக இல்லை. இன்று அது பெரிய காரியம்.

புயல் இரவில் பிறந்த எண்ணம்

இந்தச் சத்திரங்கள் எப்படி வந்தன என்று தெரிந்தால்தான், அவை எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது விளங்கும்.

ஆல்டெனா என்பது ஜெர்மனியில் கம்பி இழுக்கும் தொழில் நடந்த ஊர். அங்கே ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் இருந்தார். தொழிற்சாலைப் புகையில் வளரும் பிள்ளைகளைக் காட்டுக்கும் மலைக்கும் நடத்திக் கூட்டிப் போவது அவர் வழக்கம். 1909 ஆகஸ்டு 26-ந் தேதி, அப்படி ஒரு நடைப் பயணத்தில் இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. வழியில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம் இருந்தது. பக்கத்து விவசாயி வைக்கோல் கொடுத்தார். அதை விரித்துப் பிள்ளைகள் தூங்கினார்கள். ஆசிரியருக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. ஒரு நாள் நடைத் தொலைவுக்கு ஒன்றாக நாடெங்கும் இப்படித் தங்கும் இடம் இருந்தால் என்ன என்று யோசித்தார்.

அந்த யோசனைதான் இளைஞர் விடுதி. 1912-ல் ஆல்டெனாவின் பழைய கோட்டையிலேயே ஒரு விடுதி திறந்தார். 1932-ல் அனைத்துலகச் சங்கம் ஏற்பட்டபோது அவரே அதன் முதல் தலைவர். ஹிட்லர் ஆட்சி அவரைச் சும்மா விடவில்லை. விடுதிகளை ஹிட்லரின் இளைஞர் படை கைப்பற்றியது. 1936-ல் அவர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. யுத்தத்துக்குப் பிறகு பழுதான விடுதிகளைச் சீர்ப்படுத்தும் வேலையில் மறுபடியும் இறங்கினார். 1961-ல் காலமானார்.

நடந்து வருகிறவன் இரவு தங்குவான், காலையில் கிளம்புவான். இதுதான் விடுதியின் அடிப்படை. இன்றும் சங்கத்து விடுதிகளின் பழக்கங்களில் அது தெரிகிறது. உறுப்பினர் அட்டை வேண்டும். கட்டிலுக்கு மேல் கட்டிலாக அடுக்கியிருப்பார்கள். படுக்கை விரிப்பைக் கையில் கொடுப்பார்கள். நாமே விரிக்க வேண்டும், போகும்போது நாமே உருவி வைக்க வேண்டும். காலையில் ரொட்டி, வெண்ணெய், பாலாடைக் கட்டி, பழக்கூழ் கிடைக்கும். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது.

தனியாகப் போகும் மாணவனுக்கு இது நல்ல இடம் என்றே சொல்வேன். பக்கத்துக் கட்டிலில் ஸ்பெயின்காரன் இருப்பான், கீழே போலந்துக்காரன் இருப்பான். பேச்சுத் துணைக்குக் குறைவில்லை. நாலு சுவருக்குள் தனியாக உட்கார்ந்து வீட்டை நினைத்து அழுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் காசு? ஓர் இரவுக்குப் பெரும்பாலும் 30 முதல் 50 யூரோ. யூரோ ஒன்றுக்குச் சுமார் நூறு ரூபாய் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள்.

விசாவுக்காக மாணவன் ஒரு வருடச் செலவுப் பணத்தை முடக்குக் கணக்கில் முன்கூட்டியே கட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ ஆயிற்று. அதாவது, கிட்டத்தட்ட 12 லட்ச ரூபாய். மாதம் 992 யூரோ வீதம்தான் அதை எடுக்கலாம். கட்டிலுக்கு 40 யூரோ என்றால், 25 இரவில் ஆயிரம் யூரோ தீர்ந்துவிடும். சாப்பாடு, புத்தகம், பஸ், மருத்துவ இன்ஷூரன்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்த பணம் கட்டிலுக்கே போதாது!

கதவில் பெயர் வேண்டும்

பணத்தைக்கூட எப்படியாவது சமாளிக்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல் முகவரி.

ஜெர்மனியில் ஒருவர் ஒரு வீட்டில் குடியேறினால், இரண்டு வாரத்துக்குள் நகரசபை அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டைக் கொடுத்தவர் "இவர் என் வீட்டில் குடி வந்திருக்கிறார்" என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். 2015 நவம்பர் முதல் இது நாடு முழுவதுக்கும் சட்டம்.

சத்திரத்தில் தங்குவதைக் குடியேறுவதாகச் சட்டம் கருதுவதில்லை. வேறு முகவரி இல்லாத வெளிநாட்டார், மூன்று மாதத்துக்கு மேல் சத்திரத்தில் தங்கினால்தான் பதிவு செய்யும் கடமையே வரும். ஆகவே விடுதி நடத்துகிறவர்கள் அந்தக் கடிதத்தைக் கொடுப்பது அபூர்வம்.

கடிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? பதிவு இல்லை. பதிவு செய்தால்தான் வரி எண் தபாலில் வரும். அந்த எண் இல்லாமல் பகுதி நேர வேலை பார்ப்பதில் தொல்லை. சில வங்கிகளும் பதிவுச் சான்று கேட்கும். விசா முடிவதற்குள் தங்கும் அனுமதி கேட்க வேண்டும். எந்த அலுவலகத்தில் கேட்பது என்பதும் முகவரியைப் பொறுத்தது. ஒரு காகிதம் தடைப்பட்டால், அதன் பின்னால் நாலு காகிதம் நிற்கின்றன.

இன்னொரு விசித்திரம். அங்கே அடுக்கு மாடி வீடுகளில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். பெயர் இல்லையா? கடிதம் திரும்பிப் போகும். கதவில் பெயர் இல்லாதவன் அங்கே சர்க்காரின் கண்ணில் படமாட்டான்.

அறை ஏன் இல்லை?

டூபிங்கனில் ஒரு பக்கம் ஆறு, மற்ற பக்கங்களில் குன்றுகள். யுத்தத்தில் குண்டுக்குப் பெரும்பாலும் தப்பிய ஊர். அதனால் பழைய வீடுகள் அழகாக நிற்கின்றன. அவற்றை இடித்து மாடி மாடியாகக் கட்டவும் மனம் வராது. குன்றின் மேல் பெரிய மாணவர் குடியிருப்பு உண்டு. அதுவும் போதவில்லை. ஜெர்மனி முழுவதையும் எடுத்தாலும், பத்து மாணவர்களில் ஒருவருக்குத்தான் மாணவர் இல்லத்தில் இடம் இருக்கிறது.

காலி மனைகளை வைத்துக்கொண்டு கட்டாமல் இருந்தவர்களுக்கு, "கட்டுங்கள், இல்லையேல் நடவடிக்கை" என்று 2019-ல் டூபிங்கன் மேயர் போரிஸ் பால்மர் கடிதம் எழுதினார். நிலக்காரர்கள் கொதித்தார்கள். பேரன் பேத்திக்கு என்று வைத்திருக்கும் மனையில் நகரசபைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பேரனும் ஒரு நாள் மாணவன் ஆவான், அறை தேடுவான்.

மத்திய சர்க்கார் 2023 முதல் மாணவர்களுக்கும் தொழில் பழகுபவர்களுக்கும் வீடு கட்ட ஆண்டுக்கு 50 கோடி யூரோ ஒதுக்கத் தொடங்கியது. நல்ல காரியம். கட்டடம் எழும்ப வருடங்கள் ஆகும். மாணவன் இந்த அக்டோபரிலேயே வந்துவிடுகிறான்.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு. டூபிங்கன் உள்ள பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பியக் கூட்டுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம் விதித்தது. கட்டணம் கேட்கும்போது வெளிநாட்டு மாணவனைத் தனியாகப் பிரித்துப் பார்க்கத் தெரிகிறது. அறை தேடும்போது மட்டும் அவன் உள்ளூர் மாணவனோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. உள்ளூர்ப் பையனுக்கு மாமன் வீடு பக்கத்து ஊரில் இருக்கும். இவனுக்கு யார் இருக்கிறார்கள்?

நேரில் போனால்தான்

அப்படியானால் சத்திரம் வேண்டவே வேண்டாமா? அப்படிச் சொல்ல முடியாது. அங்கே மாணவர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வீடு எடுப்பார்கள். ஓர் அறை காலியானால், யாரைச் சேர்ப்பது என்பதை மற்றவர்களே தீர்மானிப்பார்கள். வரச் சொல்லி, காப்பி கொடுத்து, "சமைப்பாயா, பாத்திரம் கழுவுவாயா, இரவில் பாட்டு வைப்பாயா?" என்று விசாரிப்பார்கள். கிட்டத்தட்ட பெண் பார்க்கும் படலம்தான்! முகம் பார்த்துப் பேசினால் பிடித்துப் போவது எளிது. அதற்குப் பையன் அந்த ஊரில் இருந்தாக வேண்டும். சத்திரத்தின் உண்மையான உபயோகம் இதுதான்.

வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கும். செப்டம்பர் முதலிலேயே போய்விட்டால், கூட்டம் வருவதற்குள் தேடலாம். அக்டோபரில் போகிறவன் ஆயிரக்கணக்கானவர்களோடு வரிசையில் நிற்பான். மாணவர் இல்லத்துக்கு, சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த அன்றே விண்ணப்பம் போட்டுவிட வேண்டும்.

வாடகையில் இரண்டு வகை உண்டு. "குளிர் வாடகை" என்றால் சுவர்களுக்கு மட்டும். "சூட்டு வாடகை" என்றால் கணப்பு, தண்ணீர் முதலியவையும் சேர்த்து. விளம்பரத்தில் உள்ளது எது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முன்பணம் குளிர் வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்பது சட்டம். வெளியூரில் இருப்பதாகச் சொல்லி, "பணத்தை அனுப்பு, சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று எழுதுகிறவனுக்கு ஒரு காசும் அனுப்பக்கூடாது.

அறை கிடைத்ததும் வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. "நகரசபையில் பதிவு செய்யக் கடிதம் தருவீர்களா?" சிலர் தயங்குவார்கள். குறுகிய கால உள்வாடகைக்கு விடுகிறவர்கள் மறுப்பதும் உண்டு. அந்த அறை மலிவாக இருந்தாலும், அது இன்னொரு சத்திரம்தான்.