பீரோவில் பூட்டிய மன்னிப்புக் கடிதம்

ஆசிரியர் கூட்டமொன்றில் மூத்த தலைமையாசிரியர் ஒருவர் பேசினார். "பிள்ளை வந்து ஏதாவது சொன்னா உடனே போலீஸுக்கு ஓடாதீங்க. நாம போலீஸ் இல்ல. முதல்ல நாமளே விசாரிப்போம். தப்புன்னு தெரிஞ்சா அந்த ஆளுகிட்ட எழுதி வாங்கிட்டு அனுப்பிடலாம். பிள்ளை பேரும் கெடாது, பள்ளிக்கூடத்துப் பேரும் கெடாது." பலர் கைதட்டினார்கள். என்னோடு ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்காருகிறவர்களும் தட்டினார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஐயா, நீங்கள் சொல்லிக்கொடுத்தது அனுபவ அறிவு அல்ல, குற்றம். குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சினாலே காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவு. விசாரித்து உறுதிசெய்த பிறகு சொல்லுங்கள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. சொல்லாமல் மறைப்பவருக்கு 21ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. நீங்கள் எழுதி வாங்கும் கடிதம் பள்ளியைக் காப்பாற்றாது. நடந்தது உங்களுக்குத் தெரியும் என்பதற்குத் தேதியோடு நீங்களே பத்திரப்படுத்தும் சாட்சி அது. எழுதிக் கொடுத்த ஆள் எங்கே போகிறான்? அடுத்த ஊரில் இன்னொரு பள்ளிக்கு, உங்கள் அனுபவச் சான்றிதழோடு.

'நாமளே விசாரிப்போம்' என்பது எப்படி நடக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த பள்ளி. ஏழாம் வகுப்புப் பெண். தலைமையாசிரியர் அறையில் ஐந்து நாற்காலிகளில் நாங்கள் உட்கார்ந்திருக்க, அவள் நின்றாள். அவள் யாரைப் பற்றிப் புகார் சொன்னாளோ அந்த ஆளைக் கூப்பிட்டு நான்கடி தள்ளி நிறுத்தினார்கள். "இவர் முன்னாடி சொல்லு. எங்க தொட்டாரு?" அவள் பின்னலில் இருந்த ரிப்பன் நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறை கேட்டபோது, "ஞாபகம் இல்ல சார்" என்றாள். 'புகார் நிரூபிக்கப்படவில்லை' என்று நோட்டில் எழுதினார்கள். ஐந்து பேரில் நானும் ஒருத்தி. வாயைத் திறக்கவில்லை. அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு அவள் வரவில்லை. அவளுடைய அம்மா வந்து டி.சி. வாங்கிப் போனார்.

நாம் போலீஸ் இல்லை, உண்மைதான். அதனால்தான் விசாரிக்கக் கூடாது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். கூடுமானவரை பெண் அதிகாரி வாங்க வேண்டும். அவர் சீருடையில் வரக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் எந்த நேரத்திலும் குழந்தையின் எதிரே வந்துவிடக் கூடாது. இத்தனையும் 24ஆம் பிரிவில் இருக்கிறது. காவல் துறைக்கே இவ்வளவு கட்டுப்பாடு. நீங்கள் நடத்தச் சொல்வதோ கட்டப் பஞ்சாயத்து.

பொய்ப் புகாரால் ஒரு ஆசிரியரின் வாழ்க்கை நாசமாகுமே என்றீர்கள். கெடுநோக்கோடு பொய்ப் புகார் கொடுக்கும் பெரியவர்களைத் தண்டிக்க 22ஆம் பிரிவு இருக்கிறது. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது என்று 19ஆம் பிரிவே சொல்கிறது. நிரபராதியான ஆசிரியருக்கும் முறையான விசாரணைதான் பாதுகாப்பு. மூடிய அறைக்குள் எழுதிய நோட்டு அவரைச் சந்தேகத்திலிருந்து விடுவிக்காது.

"பெத்தவங்களே வேண்டாங்கிறாங்க" என்றும் சொன்னீர்கள். ராஜஸ்தானில் ஒரு மாணவியின் தந்தை சமரசமாகிவிட்டதால் ஆசிரியர் மீதான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளுபடி செய்து, வழக்கை மீண்டும் நடத்தச் சொன்னது. குழந்தையின் உடலுக்கு நேர்ந்ததைப் பேரம் பேசித் தீர்க்கப் பெற்றவருக்கே உரிமை இல்லை என்றால், உங்களுக்கு எங்கிருந்து வந்தது? நம் கோவையிலேயே 2021 நவம்பரில் 17 வயது மாணவி உயிரை மாய்த்துக்கொண்டாள். புகார் தெரிந்தும் நடவடிக்கை எடுக்கவில்லை என்று பள்ளி முதல்வரும் போக்சோவில் கைதானார். அந்தச் செய்தியைப் படித்த பிறகும் பள்ளியின் பெயரைப் பற்றிப் பேச உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

பிள்ளை தன் வீட்டில்கூடச் சொல்லாததை நம்மிடம் வந்து சொல்வது, நாம் ஏதாவது செய்வோம் என்று நம்பித்தான். ஐயா, உங்கள் பீரோவில் அப்படி ஒரு கடிதம் இருந்தால் நாளைக் காலை பிரேயர் மணி அடிக்கும் முன்பே அதை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள். கைதட்டியவர்களுக்கும் சொல்கிறேன்: 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கரும்பலகையின் மூலையில் எழுதிப் போடுங்கள். அழிக்காதீர்கள்.