பால் சுறாவுக்குப் பாலே கிடையாது... பத்தியத்துக்கு அதுதான் வேணுமா?

தருமபுரி மாவட்டம் கடத்தூரிலிருந்து கடலைப் பார்க்கணும்னா பல மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். ஆனாலும் ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால், "பால் சுறா வாங்கி புட்டு செஞ்சு கொடுங்க, தாய்ப்பால் நல்லா ஊறும்" என்று சொல்ல அங்கேயும் ஒரு பாட்டி இருப்பார். தமிழ்நாடு முழுக்கப் பழகிய பத்தியம் இது. அந்தச் சுறாவின் கதை தெரிந்தால், இந்தப் பழக்கத்தை மறுபடி யோசிக்கத் தோன்றும்.

முட்டையா, குட்டியா?

மத்தி போன்ற மீன்கள் பல்லாயிரக்கணக்கில் முட்டையிடும். சுறாக்கள் அப்படி இல்லை. சில வகைகள் கொஞ்சம் முட்டையிடும்; பல வகைகள் குட்டி போடும். பால் சுறா இரண்டாவது ரகம். தாயின் வயிற்றில் நஞ்சுக்கொடி வழியாகவே குட்டிக்கு உணவு போகிறது, கிட்டத்தட்ட மனிதர்களைப் போல. சுமார் ஓராண்டு சுமந்து, 1 முதல் 8 குட்டிகள் வரை ஈனும். பெரும்பாலும் ஐந்தைத் தாண்டாது.

யார் வளர்ப்பது?

யாருமே இல்லை! சுறாவுக்குப் பால் சுரக்காது, குட்டியைப் பார்த்துக்கொள்ளும் பழக்கமும் கிடையாது. குட்டி பிறக்கும்போதே பல்லோடு பிறக்கும். சின்ன மீன், இறால், கணவாய் என்று தானே வேட்டையாடிப் பிழைக்கணும். மணல் புலிச் சுறாவில் இந்த வேட்டை தாய் வயிற்றுக்குள்ளேயே தொடங்கிவிடும்: வலுத்த குட்டி உடன்பிறப்புகளைத் தின்றுவிடும்.

சிக்கல் எங்கே?

பால் சுறாக் குட்டிகள் வளர்வது கரையோர ஆழமற்ற கடலில். வலைகள் அதிகம் விழுவதும் அங்கேதான். தமிழகக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை உண்டு. ஓராண்டு சுமக்கும் தாய்க்கு அது போதுமா? மிச்சம் பத்து மாதம் அது வலையில் சிக்காமல் இருக்கணுமே! திமிங்கலச் சுறாவுக்கு 2001-லேயே சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. சந்தையில் விற்கும் சின்னச் சுறாக்களை யாரும் கண்டுகொள்வதில்லை.

தாய்க்கு நல்லதா?

சுறாவில் புரதம் இருக்கு, உண்மைதான். ஆனா சிறு மீன்களைத் தின்று வாழ்வதால், அவற்றிலுள்ள பாதரசமும் அதன் உடலில் சேர்கிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்கணும் என்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். தாய்ப்பால் அதிகம் சுரக்க முக்கிய வழி, குழந்தை அடிக்கடி பால் குடிப்பதுதான். புரதத்துக்கு மத்தியும் நெத்திலியும் இருக்கவே இருக்கு.

இதில் மீனவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வாங்க ஆள் இருக்கும்வரை வலை விரியும். குட்டிச் சுறாவையும் சினைச் சுறாவையும் பிடிக்காமலிருக்க அரசு அளவுக் கட்டுப்பாட்டைக் கறாராக அமல்படுத்தணும். மார்க்கெட்டில் கையளவு சுறாவைப் பார்த்தால் வாங்காமல் நகர்ந்து போவது நம் பங்கு. ஒரு தாய்க்குப் பால் ஊற, இன்னொரு தாயின் குட்டி சட்டிக்கு வரத் தேவையில்லை.