ரேடியம் வாட்ச் ஏன் மங்கியது?

இரண்டாம் உலகப் போர்க் காலத்து ராணுவக் கைக்கடிகாரம் ஒன்று கைக்கு வந்தால், யாரும் முதலில் செய்வது விளக்கை அணைத்துப் பார்ப்பதுதான். ஒன்றும் தெரியாது. ஒரு காலத்தில் பச்சையாக ஒளிர்ந்த எண்கள் பழுப்பேறி, அங்கங்கே விரிசல் விட்டு, வெறும் கறையாகக் கிடக்கும். "ரேடியம் தீர்ந்துபோச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதே கடிகாரத்தின் அருகே கதிரியக்கத்தைக் காட்டும் கைகர் கருவியைக் கொண்டுபோனால் அது விடாமல் படபடக்கும். ரேடியம் தீரவில்லை. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 1,600 ஆண்டுகள். கடந்த 80 ஆண்டுகளில் நூற்றில் நான்கு பங்குகூடக் குறைந்திருக்காது.

அப்படியென்றால் ஒளி எங்கே போனது?

அந்தப் பூச்சில் கண்ணுக்குத் தெரிந்த பச்சை ஒளி ரேடியத்தினுடையது அல்ல. சிறிதளவு செம்பு சேர்த்த துத்தநாக சல்ஃபைடு தூள்தான் ஒளிர்ந்தது. அதில் மிகச் சொற்பமாக ரேடியத்தைக் கலந்து, பசையோடு குழைத்து, எண்களின் மேல் தீட்டினார்கள். ரேடியம் வெளிவிடும் ஆல்ஃபா துகள் படிகத்தில் மோதும் இடத்தில் நொடிக்கும் குறைவான நேரத்துக்கு ஒரு சிறு மின்னல் தோன்றும். 1903-ல் விஞ்ஞானி வில்லியம் குரூக்ஸ், ஸ்பின்தாரிஸ்கோப் என்ற கருவியில் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பொருத்தி இந்த மின்னல்களைத் தனித்தனியாகப் பார்க்கவைத்தார். எண்ணற்ற மின்னல்கள் ஒன்றாகச் சேர்ந்ததால் வெறும் கண்ணுக்கு அது நிலையான ஒளியாகத் தெரிந்தது.

ஆனால் ஒவ்வொரு மோதலும் படிகத்தைக் கொஞ்சம் சிதைத்துவிட்டுத்தான் போகிறது. சிதைந்த இடம் மறுபடி ஒளிராது. சில ஆண்டுகளிலேயே மங்கல் தெரியத் தொடங்கும்; சில பத்தாண்டுகளில் பூச்சு இருண்டுவிடும். பறை அடிப்பவரின் கை ஓயவில்லை, தோல்தான் கிழிந்துவிட்டது. ரேடியத்தைக் கூடுதலாகச் சேர்த்தால் ஒளி கூடும், ஆனால் அந்தப் பூச்சே சீக்கிரம் செத்தும் போகும். கதிர்வீச்சு பசையையும் விட்டுவைப்பதில்லை, பழுப்பாக்கிவிடுகிறது. ஓடாமல் பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்த கடிகாரங்களில் முள் நின்ற இடத்துக்கு நேர் கீழே டயல் கருகியிருக்கும்; முள்ளை நகர்த்தினால் அதன் நிழல் அப்படியே பதிந்திருப்பது தெரியும்.

இதே ரேடியம் மனித எலும்பில் என்ன செய்தது என்பதை விட்டுவிட்டு டயலின் அழகைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமில்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஆரஞ்சு என்ற ஊரில் 1917-ல் தொடங்கிய தொழிற்சாலை, 'அன்டார்க்' என்ற ஒளிரும் பூச்சைத் தயாரித்தது. அதைக் கண்டுபிடித்தவர் சாபின் வான் சொகாட்ஸ்கி. எண்களைத் தீட்டியவர்கள் இளம்பெண்கள். தூரிகையின் நுனி கூராக இருக்க, அதை உதட்டில் வைத்து ஈரமாக்கும்படி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஆபத்தில்லை என்றும் சொன்னார்கள். ரேடியம் வேதியியல் குணத்தில் கால்சியத்தின் உறவு. உடலுக்குள் போனதும் எலும்பில் போய்த் தங்கிவிடும். பற்கள் விழுந்தன, தாடை எலும்பு துண்டுதுண்டாக உதிர்ந்தது. அங்கே வேலை பார்த்த மாலி மாஜியா என்ற பெண் 1922-ல் இறந்தபோது காரணம் சிஃபிலிஸ் என்று எழுதிவைத்தார்கள். 1927-ல் அவர் உடலைத் தோண்டி எடுத்துச் சோதித்தபோது எலும்புகளில் கதிரியக்கம் இருந்தது. சிஃபிலிஸுக்கான தடயமே இல்லை. அதே தொழிற்சாலையில் வேலை பார்த்த கிரேஸ் ஃப்ரையரும் மேலும் நான்கு பெண்களும் தொடுத்த வழக்கு 1928-ல் சமரசத்தில் முடிந்தது. ஆளுக்கு 10,000 டாலர், ஆண்டுக்கு 600 டாலர், மருத்துவச் செலவு. அதே ஆண்டில் சொகாட்ஸ்கியும் இறந்தார், தன் கண்டுபிடிப்புக்கே பலியாகி.

அந்தப் பூச்சில் விலை உயர்ந்த ரேடியத்தோடு மீசோதோரியமும் கலந்திருந்தது. அதுவும் ரேடியத்தின் ஓர் ஐசோடோப்புதான். அரை ஆயுள் ஆறு ஆண்டுகளுக்கும் குறைவு. மோனசைட் கனிமத்திலிருந்து தோரியத்தைப் பிரிக்கும்போது அது கிடைக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருப்பதும் இந்த மோனசைட்தான்.

1960-களில் டயல்களில் ரேடியத்துக்குப் பதிலாக டிரிட்டியம் வந்தது. இதில் கதை தலைகீழ். டிரிட்டியத்தின் பீட்டா துகள்கள் மிகவும் பலவீனமானவை, கடிகாரக் கண்ணாடியைக்கூடத் தாண்டாதவை. அவற்றால் படிகத்துக்கு நேரும் சேதமும் குறைவு. ஆனால் டிரிட்டியமே கரைந்துகொண்டிருக்கிறது. அரை ஆயுள் 12.3 ஆண்டுகள். 1964-ல் தீட்டிய டயலில் இன்று முப்பத்திரண்டில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும். டயலின் அடியில் 'ஸ்விஸ்' என்ற சொல்லின் இருபுறமும் ஆங்கில எழுத்து 'டி' இருந்தால் அது டிரிட்டியம். அந்த எழுத்தோடு 25 என்ற எண்ணும் இருந்தால், 25 மில்லிகியூரிக்குக் குறைவு என்று பொருள். ஆக, இருட்டில் ஒரேமாதிரி இருண்டு கிடக்கும் இரண்டு பழைய கடிகாரங்களில் ஒன்று உண்மையிலேயே அணைந்துபோனது. மற்றதில் பூச்சு மட்டும்தான் அணைந்திருக்கிறது.

பழைய கடிகாரம் சேகரிப்பவர்களுக்கு இந்த மங்கல்தான் சாட்சி. டிரிட்டியம் பூச்சு வயதாக ஆக வெள்ளை மாறி, பாலாடை நிறமாகி, சிலவற்றில் அடர்ந்த மஞ்சளாகும். டயல் மஞ்சளாகவும் முள் பளிச்சென்ற வெள்ளையாகவும் இருந்தால் முள்ளை யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகிப்பார்கள். புற ஊதா டார்ச்சும் கைகொடுக்கும். பழைய துத்தநாக சல்ஃபைடு, வெளிச்சம் பட்டால் மின்னி, டார்ச்சை அணைத்த சில நொடிகளில் மங்கிவிடும். நிமிடக்கணக்கில் ஒளிர்ந்துகொண்டே இருந்தால் அது பின்னால் பூசிய புதுப் பூச்சு. 1993-ல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் அறிமுகப்படுத்திய லூமினோவா அந்த வகை. ஸ்ட்ரோன்டியம் அலுமினேட்டில் அரிய மண் தனிமங்களைச் சேர்த்துச் செய்வது, கதிரியக்கம் கிடையாது. பகலில் வாங்கிய வெளிச்சத்தை இரவில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும், மறுநாள் மீண்டும் வாங்கிக்கொள்ளும். 1990-களின் கடைசியில் பெரிய ஸ்விஸ் நிறுவனங்கள் டிரிட்டியத்தைக் கைவிட்டு இதற்கு மாறின.

இப்போது புதுக் கடிகாரங்களுக்கே பழுப்பு நிறப் பூச்சு பூசுகிறார்கள். 'பழைய ரேடியம்' என்ற பெயரிலேயே ஒரு நிறம் விற்கிறது. பார்வைக்கு அழகுதான். ஆனால் பழைய டயலின் பழுப்பு, படிகம் பல்லாண்டுகள் அடி வாங்கியதன் தடம். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவது அந்தக் கடிகாரத்தின் வரலாற்றை அழிப்பது. சுரண்டுபவரின் உடலுக்கும் அது கேடு.

ஏனென்றால் ரேடியம் பூச்சு காலப்போக்கில் பொடியாக உதிரும். கண்ணாடிக்குள் இருக்கும்வரை அந்தப் பொடி அங்கேயே கிடக்கும். திறந்து ஊதினால் மூச்சோடு நுரையீரலுக்குப் போகும். ரேடியம் சிதையும்போது ரேடான் வாயுவும் வெளியேறுகிறது. பழைய ராணுவக் கடிகாரங்களை நிறையச் சேர்த்துக் காற்றோட்டமில்லாத அறையில் வைத்தால் அதன் அளவு பாதுகாப்பு வரம்பைப் பல மடங்கு தாண்டும் என்று பிரிட்டனின் நார்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் எச்சரித்தார்கள். ஒன்றிரண்டு கடிகாரம் வைத்திருப்பவர் அவற்றைப் படுக்கையறையில் வைக்காமல் காற்றோட்டமுள்ள இடத்தில் வைப்பது நல்லது. பின்மூடியை வீட்டில் திறக்கக் கூடாது. பழுதுபார்க்கக் கொடுக்கும்போது, டயலில் இருப்பது ரேடியம் என்று மெக்கானிக்கிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.